நாலு வீடு போன கடுகுக் கீரை

எறியக் கை வராதவர் என்று ஒரு ரகம் உண்டு. இவரைக் கஞ்சர் என்று நினைத்துவிடாதீர்கள். கஞ்சர் யாருக்கும் எதையும் கொடுக்க மாட்டார். இவர் கொடுத்துக்கொண்டே இருப்பார். தொல்லையே அதுதான்.

இவர் வீட்டுக் கொடியில் துணியோடு துணியாகக் கழுவிய பால் பாக்கெட் காயும். கட்டிலுக்கு அடியில் மூடி இல்லாத ஹார்லிக்ஸ் பாட்டில்களும், அவற்றுக்குப் பொருந்தாத மூடிகளும், பேண்டேஜ் கம்பெனியில் வெட்டிக் கழித்த துணி ஓரங்களும், 1989ஆம் வருஷத்துக் காலண்டர் அட்டையும், ஒற்றைக் கால் செருப்பும், இணை எங்காவது கிடைக்கும் என்ற நம்பிக்கையோடு கிடக்கும். ஏன் இதெல்லாம் என்று கேளுங்கள். "கிடக்கட்டும், ஒண்ணுக்கு ஆகும்." அந்த ஒன்று எது? அது யாருக்கும் தெரியாது. கட்டிலுக்கு அடியில் இடம் தீர்ந்ததும் அந்த ஒன்று உங்கள் வீட்டுக்கு வந்து சேரும். "வச்சுக்கோங்க" என்று கையில் திணித்துவிட்டுப் போவார். அன்றோடு அவர் மனம் சுத்தம். எறிகிற பாவம் உங்களுக்கு.

எங்கள் தெருவில் இந்த ரகத்துக்குத் தலைவர் தவசிமுத்து அண்ணாச்சி. மில்லில் முப்பது வருஷம் கழிவுப் பஞ்சு குடோனில் மேஸ்திரியாக இருந்தவர். தரையில் விழுந்தது, மெஷினுக்கு அடியில் ஒட்டியது, கூட்டி அள்ளியது என்று ரகம் பிரித்து மூட்டை கட்டி, கடைசித் துணுக்கு வரைக்கும் விலைக்கு அனுப்பிய கை. அந்தக் கையிடம் போய் ஒரு பொருளை எறி என்று யாராவது சொல்வார்களா?

சொன்னார் ஒருவர். விவசாயக் கல்லூரியிலிருந்து வந்த புரபசர்.

அண்ணாச்சி தன் வீட்டுக்குப் பின்னால் பத்து சென்ட் இடம் வாங்கியிருந்தார். முன்னால் அங்கே பழைய லாரி பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் ஈயத்தை உருக்குகிற கொட்டகை இருந்தது. மண் முழுக்க ஈயம். 1997இல் அந்த மண்ணைச் சோதித்த புரபசர் ஒரு வழி சொன்னார். கடுகும் சூரியகாந்தியும் விதைக்க வேண்டும். அவை மண்ணிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஈயத்தை உறிஞ்சிக்கொள்ளும். வேரோடு பிடுங்கிக் காயவைத்து மூட்டை கட்டினால், கல்லூரி வேன் வந்து எடுத்துப் போய்ப் பாதுகாப்பாக ஒழித்துவிடும். பிறகு மறுபடி விதைப்பு. இப்படிப் பல போகம்.

"ஆனா ஒரு இலைகூடத் திங்கக் கூடாது அண்ணாச்சி. மாட்டுக்கும் போடக் கூடாது, அடுப்புலயும் வைக்கக் கூடாது. பெரியவங்களுக்கே கெடுதல். வயித்துல இருக்கிற பிள்ளைக்குன்னா மூளையவே பாதிக்கும்."

"வளத்துட்டு எறியவா சார்?"

"தரை துடைக்கிற துணி மாதிரி நினைச்சுக்கோங்க. துடைச்ச துணிய யாராவது உடுத்துவாங்களா?"

"நல்லா அலசிட்டா உடுத்தலாமே" என்றார் அண்ணாச்சி.

புரபசருக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

கடுகு முழங்கால் உயரத்துக்குத் தளதளவென்று வந்தது. அண்ணாச்சிக்குத் தூக்கம் போயிற்று. சொன்னபடி பிடுங்கினார், காயவைத்தார், மூட்டை கட்டினார். வேன் வரவில்லை. மூன்று வாரம் ஆயிற்று. அடுத்த பாத்தி இளசாக நின்றது. ஒரு நாள் காலையில் என் வீட்டு வாசலில் நிற்கிறார், கையில் கட்டுக் கட்டாகக் கடுகுக் கீரை.

"இந்தா தங்கச்சி. திங்கக் கூடாது கேட்டியா? விஷம்."

"பொறவு எதுக்கு அண்ணாச்சி எனக்கு?"

"பாரு, எம்புட்டு இளசா இருக்கு! எனக்கு எறிய மனசு வரல. நீயே பாத்து என்னமும் செஞ்சுக்கோ."

என்ன நேர்மை பாருங்கள். விஷத்தை விஷம் என்று சொல்லியே கொடுத்த மனிதர்.

நான் என்ன செய்தேன்? வாங்கிக்கொண்டேன். மூட்டையிலேயே போடுங்கள் என்று ஏன் சொல்லவில்லை? இலையில் பனித்துளி நின்றது. குப்பையில் போடலாம் என்று எடுத்தேன், கை எழவில்லை. பக்கத்து வீட்டு இசக்கியம்மாள் அக்காவின் எருக்குழி ஞாபகம் வந்தது. "குழியில போட்டுருங்கக்கா" என்று கொடுத்தேன். திங்கக் கூடாது என்று சொன்னேனா? சொல்ல வாயெடுத்தேன். அந்த நேரம் பார்த்துத் தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. மூன்று நாளைக்கு ஒரு முறை வருகிற தண்ணீர். குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

மத்தியானம் அக்கா தானாகவே சொன்னாள். "அம்புட்டு நல்ல கீரைய எருக்குழியில போடச் சொல்லுதியே, உனக்கு மனசு எப்படி வந்துச்சு? பிச்சையம்மா வீட்டுல குடுத்துட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து அவ மக பிரசவத்துக்கு வந்திருக்கால்ல, ஏழாம் மாசம். இரும்புச் சத்துக்குக் கீரை குடுங்கன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்களாம்."

அண்ணாச்சி வீட்டோடு சேர்த்துக் கீரை நாலு வீடு போய்விட்டது. எச்சரிக்கை என் வீட்டைத் தாண்டவில்லை.

நான் ஓடின ஓட்டத்தைத் தெருவில் இன்றைக்கும் நடித்துக் காட்டுகிறார்கள். பிச்சையம்மாள் வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் மகள் நாச்சியார் தட்டு முன்னால் உட்கார்ந்து, பருப்போடு கடைந்த கீரையைச் சோற்றில் பிசைந்து, முதல் உருண்டையை வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, திங்காத! அது ஈயம்!"

உருண்டை தட்டில் விழுந்தது. சத்தம் கேட்டு இசக்கியம்மாள் வந்தாள், அண்ணாச்சி வந்தார். விஷயம் வெளியே வந்ததும் பிச்சையம்மாள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரிஞ்சேவா குடுத்த?"

"நான் எருக்குழிக்குத்தான் குடுத்தேன்."

"எங்கிட்ட விஷம்னு சொல்லலையே!" என்றாள் இசக்கியம்மாள்.

"நான் சொல்லித்தானே குடுத்தேன்" என்றார் அண்ணாச்சி. அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

பேசி முடித்ததும் எல்லோரும் கீரைச் சட்டியைச் சுற்றி நின்றோம். யாரும் தொடவில்லை. "கால் கிலோ பாசிப்பருப்பு" என்று மெதுவாக முனகினாள் பிச்சையம்மாள். அண்ணாச்சி தொண்டையைச் செருமிக்கொண்டார். "பருப்ப மட்டும் தனியா வடிச்சு..."

நாச்சியார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"ஏன் மாமா, என் பிள்ளையும் உங்களுக்கு ஒண்ணுக்கு ஆகுமா? இத்தன பேரு கை பட்டு வந்திருக்கு, ஒருத்தருக்குக்கூடக் கொட்டணும்னு தோணலையா?"

அவள் தட்டையும் சட்டியையும் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தாள். பின்னால் ஊர்வலமாக நாங்கள். அண்ணாச்சி வீட்டுத் தாழ்வாரத்தில் இருந்த மூட்டையைப் பிரித்து, கீரை, பருப்பு, சோறு எல்லாவற்றையும் அதில் கொட்டினாள். "கட்டுங்க" என்றாள். அண்ணாச்சி கட்டினார். கட்டுவதற்கு முன்னால் ஒரு முறை உள்ளே எட்டிப் பார்த்தார். விஷத்தைப் பார்த்தாரா, பருப்பைப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது.

இரண்டு நாள் கழித்து வேன் வந்தது. ஒரு மூட்டை மட்டும் ஏன் ஈரமாக, பெருங்காய வாசனையோடு இருக்கிறது என்று புரபசர் கேட்டார். தெருவே வேறு பக்கம் பார்த்தது.

நாச்சியாருக்குப் பையன் பிறந்தான், குறை ஒன்றும் இல்லை. அதனால்தான் இவ்வளவு சிரித்துச் சொல்ல முடிகிறது. அண்ணாச்சியைப் பார்த்து நீங்களும் தாராளமாகச் சிரிக்கலாம், நானும் சிரித்தேன். ஆனால் போன மாதம் கெட்டுப்போச்சோ என்னவோ என்று நீங்கள் மோந்து பார்த்துவிட்டு, எறிய மனசில்லாமல், "நல்லாத்தான் இருக்கு" என்று பக்கத்து வீட்டில் கொடுத்தீர்களே ஒரு டப்பா, அதை அங்கே யார் சாப்பிட்டார்கள் என்று விசாரித்தீர்களா?