ஆட்சேபணை இல்லையென்று ஒரு கையெழுத்து

பார்க் எக்ஸ்டென்ஷன், மொன்ட்ரியால்
11.10.2005

அன்பும் மரியாதையும் உள்ள சித்தப்பாவுக்கு,

நடுச்சாமத்தில் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். மகன் ஜெனாட் இப்போதுதான் உறங்கினான். போனில் என்றால் அழுதுவிடுவேன், அதனால்தான் தொலைநகல். நீங்களும் சின்னம்மாவும் மாதாவின் காவலில் நலமென்று நம்புகிறேன்.

நாங்கள் வாங்கும் ரொக்ஸ்பரோ வீட்டுக்கு வெள்ளிக்கிழமை கையெழுத்து வைத்து உறுதி முடிக்க வேண்டும். இந்த பிளாட்டையோ வீட்டுக்காரர் மாத முடிவிலிருந்து வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டார். மூல உறுதிப் பத்திரம் பார்க்காமல் ஒரு பரப்புக் காணியும் வாங்கக்கூடாதென்று, நாற்பது வருடம் காணி உறுதி எழுதும் நொத்தாரிசாக இருந்த நீங்கள்தானே படிப்பித்தது, ஆகவே இங்கத்தைய நொத்தாரிசிடம் கேட்டேன். அவர் பின்னுக்குப் பின்னுக்குப் போய், பிரான்ஸ் அரசர் குருமாருக்குக் கொடுத்தது என்ற இடத்தில் நின்றுவிட்டார். அரசருக்கு ஆர் எழுதிக் கொடுத்தது என்றேன். மனிசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்கு முதல் ஆதிக்குடிகள் இருந்தவர்கள், ஆனால் உறுதி இல்லை என்றார். உறுதி இல்லாவிட்டால் என்ன, உரித்தாளர் உரித்தாளர்தானே சித்தப்பா? எங்கள் ஊர்த் தேசவழமைச் சட்டப்படி விற்க முதல் பங்காளிகளுக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டாமா?

ஆகவே, ஆட்சேபணை இல்லையென்று கையெழுத்துக் கேட்டு, கல்லூரி ஆங்கிலத்தில் ஓர் அறிவித்தல் எழுதி, வெறுங்கையோடு போகக்கூடாதென்று ஒரு கேக்கும் வாங்கி, என் கணவர் பற்றிக்கைக் கார் ஓட்டவைத்து, ஆற்றுக்கு அக்கரையில் அந்த ஆதிக்குடிகளான மோஹாக் மக்களின் ஊருக்குப் போனேன். "உமக்கு வீடு வேணுமோ, வழக்கு வேணுமோ?" என்று வழி முழுக்க அவர் கேட்டுக்கொண்டே வந்தார். அங்கே காணிக் கந்தோரில் மேசையில் இருந்த அம்மா என் கடிதத்தை இரண்டு தரம் வாசித்துச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "இத்தனை வருசத்தில கேட்டுக்கொண்டு வந்த முதல் ஆள் நீதான் பிள்ளை. ஆனா நான் கையெழுத்து வைச்சா, எங்கட காணியை நாங்களே விட்டுக்குடுத்த மாதிரி எல்லோ போகும்?" என்றார். கேக்கை எடுத்துக்கொண்டார், கடிதத்தையும் பிரதி எடுத்துக்கொண்டார், கையெழுத்து மட்டும் வைக்கவில்லை.

இன்று அவர்களுடைய வக்கீல் போன் எடுத்தார். 'ஆதி உரித்தாளராகிய உங்களுக்கு' என்று நான் எழுதியது அருமையான சாட்சியாம், தாங்கள் நடத்தும் காணி வழக்கின் ஆவணக் கோவையில் வைக்கலாமா என்கிறார். பொய் சொல்லத் தெரியாமல் நான் அதை எங்கள் நொத்தாரிசுக்கும் சொல்லித் தொலைத்தேன். காணி அவர்களுடையது என்று கைப்பட எழுதிவிட்டு, வெள்ளிக்கிழமை அது விற்பவருடையது என்று எப்படிக் கையெழுத்து வைப்பீர்கள், எது உண்மை மதாம் என்று அவர் மெல்லக் கேட்டார். எனக்கு இரண்டும் உண்மை போலத்தான் இருக்கிறது. கையெழுத்து வைத்தால் நான் வீட்டுக்காரி. வைக்காவிட்டால் நியாயக்காரி, ஆனால் மூன்று வயதுப் பிள்ளையோடு றோட்டில்.

கடைசியில் முடிவெடுத்துவிட்டேன். வீடு வேண்டாம். இன்னொருவருடைய காணியில் என் பிள்ளை வளரக்கூடாது. சின்னம்மாவுக்கு என் முத்தங்கள், எங்களுக்காக ஒரு செபமாலை சொல்லச் சொல்லுங்கள்.

அன்பு மகள்,
லக்சனா

பி.கு.: பற்றிக் எழும்பி வந்து இதை வாசித்துவிட்டு, "எட்டு வருசமா இருக்கிறம், இந்த பிளாட்டுக்குக் கீழ இருக்கிறது ஆரின்ரை காணி?" என்று கேட்டுவிட்டுத் திரும்பப் படுத்துவிட்டார். மேலே எழுதிய முடிவை வெட்டிவிடுங்கள். கையெழுத்து வைக்கட்டா, விடட்டா? வியாழனுக்குள் பதில் அனுப்புங்கள், சித்தப்பா.