மண் முகரும் மகான்

மயிலாப்பூரில் அந்தக் கல்யாண மண்டபத்தில் கல்யாணம் எதுவும் இல்லை. ஆனாலும் வாசலைத் தாண்டி, தெருமுனை வரை கூட்டம். ஒவ்வொருவர் கையிலும் ஓர் எவர்சில்வர் டப்பா. உள்ளே தயிர்சாதம் இல்லை, மண். அவரவர் வீட்டு மண். அதை ரேடானந்த சுவாமிகள் வாங்கி வாங்கி மோந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ரேடான் என்று ஒரு வாயு உண்மையிலேயே இருக்கிறது. மண்ணிலிருந்தும் பாறையிலிருந்தும் கசிந்து, தரை விரிசல் வழியாக வீட்டுக்குள் ஏறும். அடைத்த அறையில் சேர்ந்தால், வருஷக்கணக்கில் அதைச் சுவாசிக்கிற நுரையீரலுக்கு ஆகாது. சங்கதி இவ்வளவுதான். சுவாமிகள் இதில் பாதியை வாட்ஸ்அப்பில் படித்தார். மீதியை ஞானதிருஷ்டியில் பூர்த்தி செய்துகொண்டார். பாதாள லோகத்தின் பெருமூச்சாம் அது. மோந்தே அதை அளக்கும் வரம் உலகத்தில் ஒரே ஒரு மூக்குக்குத்தான் கிடைத்திருக்கிறதாம்.

அடையாறில் ஐந்தாவது மாடியில் குடியிருப்பவர்கள் மண்ணுக்கு எங்கே போவார்கள்? பால்கனி ரோஜாத் தொட்டியிலிருந்து அள்ளி வந்தார்கள். சுவாமிகள் மோந்துவிட்டு, "ஒரு பசுவின் ஆவி தெரிகிறது" என்றார். சாணி உரம் போட்ட தொட்டியில் பசு தெரியாமல் யானையா தெரியும்? கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

பரிகாரம் எல்லோருக்கும் ஒன்றுதான். மந்திரித்த செம்பைத் தரையில் புதைக்க வேண்டும். பிறகு ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைக்க வேண்டும். செம்பு வாயுவைக் குடிக்கும்போது காற்று குறுக்கே வரக்கூடாதாம். செம்புக்கு அவ்வளவு கூச்சம்.

பேங்க் மானேஜராக இருந்து ரிட்டயர் ஆன ஸ்ரீனிவாசராகவன் பக்கத்துத் தெருவில் வீடு கட்டிக்கொண்டிருந்தார். என்ஜினீயர் ரூபீனா, ராயப்பேட்டைப் பெண், தரைக்கு அடியில் ஜல்லி பரப்பி, அதன்மேல் கனமான பிளாஸ்டிக் ஷீட் விரித்து, ஜல்லியிலிருந்து ஒரு குழாயை மொட்டை மாடிக்கு மேலே ஏற்றியிருந்தாள். மண்ணிலிருந்து என்ன கிளம்பினாலும் குழாய் வழியே வெளியே போய்விடும். ஒவ்வொரு அறைக்கும் எதிரும் புதிருமாக ஜன்னல். மூன்று செம்போடு வீடு திரும்பிய ஸ்ரீனிவாசராகவன் எல்லாவற்றையும் மாற்றச் சொன்னார்.

"பாதாளத்தை மாடிக்கு ஏத்தினா கிரகமெல்லாம் கோச்சுக்குமாம். நாளைக்குக் கார்த்தால கொத்தனார் வந்து குழாயைப் பிடுங்கிட்டு ஜன்னலை அடைச்சுடுவார்."

அவர் மனைவி விஜயலக்ஷ்மிக்கு ஆஸ்துமா. இன்ஹேலர் இல்லாமல் கோயில் பிரகாரம்கூடச் சுற்ற முடியாது.

"ஏன்னா, ஜன்னலை அடைச்சுட்டா நான் எப்படி மூச்சு விடறது?"

"அதெல்லாம் செம்பு பாத்துக்கும்."

இந்த மனுஷர் சர்வீஸ் முழுக்க அடுத்தவர் கடன் மனுவைத் துருவித் துருவிக் கேள்வி கேட்டவர். ஒரு மூக்கிடம் ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை. எனக்கு வயிறு எரிகிறது.

அன்று சாயங்காலமே விஜயலக்ஷ்மியும் ரூபீனாவும் ஆளுக்கு ஒரு டப்பாவோடு மண்டபத்துக்குப் போனார்கள். ஸ்ரீனிவாசராகவன் ஏற்கெனவே முதல் வரிசையில் கைகூப்பி உட்கார்ந்திருந்தார். மேடைப் படியில் ஒரு சீடர் விவரம் கேட்டு, அதைச் சுவாமிகளின் காதில் ஓதிவிட்டுத்தான் ஆளை மேலே ஏற்றினார்.

"இன்னா ஏரியா? சொந்த வூடா, வாடகையா? காரு கீதா?"

"ராயப்பேட்டை. வாடகை. ஸ்கூட்டி இருக்கு, அதுவும் இன்னிக்கு ஸ்டார்ட் ஆகல" என்றாள் ரூபீனா.

சுவாமிகள் அவள் டப்பாவை மோந்தார். "சுத்தமான பூமி. தைரியமாகப் போ."

அடுத்து விஜயலக்ஷ்மி. "ஆழ்வார்பேட்டை. சொந்த பங்களா. ரெண்டு கார்." முதல் வரிசையில் ஒரு வாய் திறந்தது. மனைவி முறைத்ததும் மூடிக்கொண்டது.

சுவாமிகள் மோந்தார். உடம்பு ஆடியது. கண் செருகியது. "ஏழு தலை வாயு, தாயே. ஏழு செம்பு இல்லாமல் அடங்காது."

விஜயலக்ஷ்மி மைக்கைக் கையில் எடுத்தாள். "ரெண்டு டப்பாவும் பாக்க ஒரே மாதிரி. இடம் மாத்தி வெச்சா, எது ஆழ்வார்பேட்டைன்னு சொல்லுவேளா சாமி?"

அற்புதம் பார்க்கக் கசக்குமா? கூட்டம் கைதட்டியது. அந்தக் கைதட்டலில் சுவாமிகள் மாட்டிக்கொண்டார். யாரோ மேல்துண்டைக் கொடுத்தார்கள். கூட்டத்திலிருந்து ஒரு பெண் வந்து, துண்டுக்குள் டப்பாக்களை மாற்றி மாற்றி வைத்தாள். சுவாமிகள் இடதை மோந்தார், வலதை மோந்தார், மறுபடி இடதை மோந்தார்.

"இதுதான் ஏழு தலை."

ரூபீனா தன் போனை மைக்செட்காரரிடம் கொடுத்து, அதிலிருந்த வீடியோவை மேடைத் திரையில் போடச் சொன்னாள். அதில் விஜயலக்ஷ்மி, கட்டுகிற வீட்டுக் கொல்லையில் ஒரு குழி தோண்டி, மண்ணை ஒரு முறத்தில் அள்ளுகிறாள். கிளறிக் கலக்குகிறாள். இரண்டு டப்பாவிலும் அதையே போட்டு மூடுகிறாள்.

"ரெண்டும் எங்காத்து மண்தான். ஒரே குழி" என்றாள் விஜயலக்ஷ்மி.

சுவாமிகள் அசரவில்லை. "மண், சொந்தக்காரரின் கர்மாவை இழுத்துக்கொள்ளும்."

கூட்டம் இதற்கும் தலையாட்டியது. தலை எதற்கு இருக்கிறது என்பதில் அவர்களுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

"அப்படின்னா செம்பு எதுக்கு? வீட்டை ரூபீனா பேருக்கு மாத்தி எழுதிட்டா வாயு போயிடுமே?" என்றாள் விஜயலக்ஷ்மி.

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு மண்டபம் முழுக்கப் பரவியது.

"சாமி, ரேடானுக்கு வாசனையே கிடையாது" என்றாள் ரூபீனா. "அதுக்குன்னு கருவி இருக்கு. அதை ரூம்ல வெச்சு, நாள் கணக்குல விட்டு அளக்கணும்."

சுவாமிகள் மூக்கை உறிஞ்சினார். "இன்று எனக்கு ஜலதோஷம்" என்று எழுந்து, சமையல்கட்டு வழியாக வெளியே போனார். சீடர் செம்புகளை விட்டுவிட்டு, உண்டியலை மட்டும் மறக்காமல் தூக்கிக்கொண்டு ஓடினார்.

விஜயலக்ஷ்மிக்கு இளைத்தது. நாற்காலியில் உட்கார்ந்து இன்ஹேலரை இழுத்தாள். அந்தச் சத்தம் கேட்டு ஸ்ரீனிவாசராகவன் பக்கத்தில் வந்து நின்றார். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. போனை எடுத்தார்.

"கொத்தனாரா? நாளைக்கு ஜன்னலைத் தொடாதீங்கோ. குழாய் மேலயும் கை வெக்க வேண்டாம்."

கதை இதோடு முடிந்திருக்கலாம். ஆனால் நம் ஜனங்கள் லேசுப்பட்டவர்களா? டப்பாக்களோடு விஜயலக்ஷ்மி முன்னால் புதிதாக ஒரு வரிசை நின்றது.

"மாமி, அந்தாளு பிராடுன்னு தெரிஞ்சு போச்சு. நீங்களே மோந்து சொல்லிடுங்க."

விஜயலக்ஷ்மி மூச்சு ஒரு நிலைக்கு வரும் வரை காத்திருந்தாள். பிறகு சொன்னாள்: "வாசனையே இல்லாத ஒண்ணை மோந்து சொல்றேன்னு எவன் வந்தாலும் அவன் மூக்கைப் பாக்காதீங்கோ, கையைப் பாருங்கோ. அது உங்க பைக்குள்ள இருக்கும்."