நான் அழித்த கடைசி வரி

மதிப்பிற்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். அங்கே எல்லோரும் சௌக்கியம்தானே? இங்கேயும் அப்படியே என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை நகர மாட்டேன் என்கிறது. தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

குடிநீர் அலுவலகத்தின் பழைய கம்ப்யூட்டரில் இருக்கும் வீட்டு விவரங்களைப் புதியதற்கு மாற்றும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள் என்று போனில் புலம்பினேனே, அதில் வந்த வினை இது. இரண்டும் முகம் கொடுத்துப் பேசாத சம்பந்திகள் மாதிரி, இதில் இருப்பது அதற்குப் புரியாது, நடுவில் ஒரு புரோகிராம் வைத்துத்தான் மாற்ற வேண்டும். மாற்றிய பிறகு எங்கள் மேலாளர் பார்ப்பது ஆட்களின் எண்ணிக்கையை மட்டும்தான். இன்று காலை எங்கள் தெருவை மாற்றினேன், ஓர் ஆள் அதிகம் வந்தது. தேடிப் பார்த்தால் நம் வீட்டில்! நான், உங்கள் தங்கை, மகன், மகள் என்று நான்கு வரி இருந்த இடத்தில் ஐந்து. குடும்பத் தலைவர் என்றே இரண்டு வரி, இரண்டிலும் என் பெயர், என் வயது. ஒரு தலைவரையே உங்கள் தங்கை மதிப்பதில்லை, இரண்டு பேரை வைத்துக்கொண்டு என்ன செய்வாள் என்று சிரித்துக்கொண்டேன். "எண்ணிக்கை இடிக்குதுன்னா ஒண்ணை அழிச்சிட்டுக் கையெழுத்துப் போடுய்யா, இதுக்கெல்லாமா யோசிப்பே?" என்றார் மேலாளர். பழைய கம்ப்யூட்டரில் புதிதாகச் சேர்வது கடைசியில் நிற்கும். இருபது வருடப் பழக்கத்தில் அந்த இரண்டில் கடைசி வரியை அழித்தேன். புதியதில் புது வரவு முதலில் நிற்குமாம். அழிந்தது நான்.

சாயங்காலம் வந்தால் என் சாவி பூட்டில் நுழையவில்லை. உங்கள் தங்கை கதவைத் திறந்து, "மீட்டர் பாக்க வந்தீங்களா? உக்காருங்க, அவர் உள்ளதான் இருக்கார்" என்கிறாள். "அடியே, நான்தான்டி" என்றேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்து, "இல்லம்மா, மீட்டர்தான்" என்று சமாளித்தேன். உள்ளே என் நாற்காலியில் என் கண்ணாடியோடு ஒருவர் பேப்பர் படிக்கிறார். நான் பதினொரு மாதமாகத் தள்ளிப்போட்ட சமையலறைக் குழாய்க் கசிவை அவர் வந்த ஒரே நாளில் சரிசெய்துவிட்டார், மச்சான். "யாரும்மா இவரு?" என்று மகள் கேட்டாள், அதைத்தான் தாங்க முடியவில்லை. முன்னறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

விவரம் மாறிய வீடுகளில்தான் என்னை மறக்கிறார்கள் போலிருக்கிறது; உங்கள் ஊர் விவரங்களை இன்னும் மாற்றவில்லை, வெள்ளிக்கிழமைதான் முறை. அதுவரை உங்களுக்காவது என்னை ஞாபகம் இருக்கும். அதற்குள் ஓடிவந்து, இவர்தான் உன் புருஷன் என்று உங்கள் தங்கையிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

உங்கள் பிள்ளைகளுக்கு என் ஆசி, நான் யாரென்று அவர்கள் மறப்பதற்குள் சொல்லிவிடவும்.

இப்படிக்கு,
வெள்ளிக்கிழமை வரையிலாவது,
உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: அண்ணா, இது உங்கள் தங்கை எழுதுவது. மீட்டர் பார்க்க வந்தவர் இந்தத் தாளை முன்னறையில் விட்டிருக்கிறார். அவர் போனதை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. மனசு சரியில்லாதவர் போலிருக்கிறது, பாவம், எதையும் நம்பாதீர்கள். உங்கள் பெயருக்கு எழுதியதால் அனுப்பிவைக்கிறேன். உங்கள் மாப்பிள்ளையிடம் படித்துக் காட்டினேன், விழுந்து விழுந்து சிரித்தார். உங்கள் ஊர் விவரங்களை வெள்ளிக்கிழமை வரை போட்டு வைக்காமல் நாளைக் காலையிலேயே மாற்றிவிடுகிறாராம்.