ஏழு மடல்களும் ஒரு முழங்கையும்

அன்புத் தங்கை கனாயேவுக்கு,

அசேலியாப் பூக்கள் உதிர்ந்து முடிந்து, மழைக்காலத்துக்கு முன்பே சுவர்கள் வியர்க்கத் தொடங்கிவிட்ட இந்த நாட்களில் நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் அத்தானும் நலம். அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டிருக்கிறது. என் கவசப் பெட்டியைத் தூக்கியதால்தான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். அட்டைக் கவசம் எவ்வளவு கனம் இருக்கும் என்று யாரும் அவரைத் திருப்பிக் கேட்பதில்லை.

உன் கடிதமும் படமும் கிடைத்தன. உங்கள் ஊரிலும் பழங்கால வீரர் வேட ஊர்வலத்துக்காகக் கையாலேயே அட்டைக் கவசம் செய்யும் சங்கம் தொடங்கியிருக்கிறார்கள், நீ சேரப் போகிறாய், முதன்முதலாகச் செய்கிறவர்கள் எதையெதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். ஆறு வருடமாக அட்டை வெட்டுகிற அக்காவைக் கேட்டது சரிதான். 'சும்மா பழகிப் பார்த்தது' என்று எழுதி ஒரு தோள் கவசத்தின் படத்தையும் வைத்திருந்தாய். நூலகத்தில் வயதானவர்களுக்காக வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை எடுத்துவந்து பார்த்தேன். ஓர் இடத்தில்கூடக் கோணல் இல்லை. அம்மாவுக்கும் அனுப்பியிருக்கிறாய் போலிருக்கிறது. "கனாயே கையில அட்டை கூடச் சொன்னபடி கேக்குதுடி" என்று தொலைபேசியில் சொன்னாள். என் முதல் தோள் கவசத்தைப் பார்த்தபோது "பூனைக்கா செஞ்சே?" என்று கேட்டவள் இதே அம்மாதான். போகட்டும். எனக்குப் பொறாமை என்று நினைத்துவிடாதே. அனுபவத்தை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் அட்டை. ஆப்பிள் வரும் பெட்டிதான் வேண்டும், கெட்டியாக இருக்கும், மடித்தால் வெடிக்காது. அட்டைக்குள் ஓடும் வரிகள் மேலிருந்து கீழாக வரும்படி வைத்து வெட்டு. குறுக்காக ஓடினால் மார்பைச் சுற்றி வளைக்கும்போது முறிந்துவிடும். எங்கள் ஊர் பல்பொருள் அங்காடியில் செவ்வாய்க்கிழமை காலையில் பின்வாசலில் ஆப்பிள் பெட்டிகளை அடுக்கி வைப்பார்கள். இது எனக்கு மட்டும் தெரிந்த விஷயமாக ஐந்து வருடம் இருந்தது. இதை நான் யாரிடம் சொன்னேன் என்பதில்தான் உனக்கான முதல் பாடமே இருக்கிறது. எதிர்வீட்டுக்குப் போன வருடம் குடிவந்த மடோக்காவிடம் சொன்னேன். முப்பத்திரண்டு வயது, பல் மருத்துவமனையில் பல் செட் செய்கிறவள். "அக்கா, நானும் சங்கத்துல சேரலாமா? எனக்குக் கத்தரிக்கோல் கூடச் சரியாப் பிடிக்கத் தெரியாதுக்கா" என்று வாசலில் வந்து நின்றாள். ஒரு பல்லின் பள்ளத்தை முடியளவுக்குச் செதுக்குகிறவள் கத்தரிக்கோல் பிடிக்கத் தெரியாது என்கிறாள், நானும் நம்பினேன். அடுத்த செவ்வாய்க்கிழமை பின்வாசலுக்குப் போனால், "உங்க சிநேகிதி வந்து எடுத்துட்டுப் போய்ட்டாங்களே!" என்று கடைக்காரம்மா சிரிக்கிறாள். எனக்குக் கிடைத்தது வெங்காயத்தாள் வந்த பெட்டி. இன்றும் என் மார்புக் கவசத்துக்குள் தலையைத் தாழ்த்தினால் சூப் ஞாபகம் வருகிறது.

அடுத்தது அளவு. கவசத்தை நின்றுகொண்டு அளக்காதே. உள்ளே போடும் பஞ்சு வைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, உட்கார்ந்தபடி அள. கையை மேலே தூக்கிப் பார், குந்திப் பார், குனிந்து செருப்பு வாரைக் கட்ட முடிகிறதா என்று பார், கழிவறைக்குப் போய்வர முடிகிறதா என்று கட்டாயம் பார். மடோக்காவுக்கு இதையெல்லாம் வரிவரியாகச் சொல்லிக்கொடுத்தேன், அவளும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே வந்தாள், நான் நடுவில் தும்மினால் கூட "இதையும் எழுதணுமாக்கா?" என்பாள். நான் எதையும் மறைக்கவில்லை. என் பேட்டர்ன் தாளையே பிரதி எடுத்துக் கொடுத்தேன். அதே வாரம் எனக்காக ஒரு புதுக் கவசம் வெட்டினேன். காலாட்படை வீராங்கனையாக ஆறு வருடம் கொடி தூக்கியாகிவிட்டது, இந்த வருடம் பெண் சேனாதிபதியாக முன்னால் நடக்க வேண்டும் என்று மனதுக்குள் ஓர் ஆசை. கனாயே, அது சின்ன ஆசை இல்லை. ஊர்வலத்தில் முன்னால் போகிறவளின் முகத்தை ஊரே பார்க்கும். பின்னால் போகிறவளின் கொடியைத்தான் பார்க்கும். நாற்பத்தாறு வயதில் ஒரு தடவை என் முகத்தை இந்த ஊர் பார்க்கட்டுமே என்று நினைத்தேன். நினைத்தவள், மெல்லிய ரவிக்கையோடு, வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு, நின்றபடி அளவெடுத்தேன்.

சேனாதிபதியைத் தேர்ந்தெடுப்பது மார்ச் மாதம் சமூகக்கூடத்தில் நடந்தது. எங்கள் சங்கத் தலைவர் ஒகுமுரா ஐயா முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர், எல்லாவற்றையும் நிறுத்தம் அறிவிப்பது போலத்தான் சொல்வார். "உக்காருங்க! எந்திரிங்க! வாளைத் தூக்குங்க! அடுத்தவங்க ஏறுங்க!" மடோக்கா தோட்டத்தில் கீரை பறிக்கக் குனிவது போலக் குந்தினாள், எழுந்தாள், இடுப்பில் தொங்கும் அட்டை மடல் ஒன்று கூடச் சத்தம் போடவில்லை. நான் குந்தினேன். மார்புக் கவசம் மெல்ல மேலே ஏறி முகவாயைத் தாண்டி, வாயைத் தாண்டி, மூக்குக்குக் கீழே வந்து நின்றது. "யுகாரி, உள்ளதான் இருக்கியாம்மா?" என்றார் ஒகுமுரா ஐயா. உள்ளேதான் இருந்தேன், வெங்காயத்தாள் வாசனையோடு. பதில் சொன்னேன், ஆனால் அது வெளியே கேட்கவில்லை.

மடோக்காதான் சேனாதிபதி என்று ஆயிற்று. அன்று வீட்டுக்கு நடக்கும்போது உன் அத்தான், "அந்தப் பொண்ணோட தலைக்கவசம் பாத்தியா? அட்டைன்னு சத்தியம் பண்ணாலும் நம்ப மாட்டாங்க" என்றார். "என்னோடது?" என்றேன். கொஞ்ச தூரம் யோசித்துவிட்டு, "உன்னோடது நல்ல கெட்டியான அட்டை" என்றார். அதற்குப் பிறகு மூன்று நாள் அவருக்கு நான் சமைத்ததைப் பற்றி இங்கே எழுத வேண்டாம்.

கட்டிக்கொள்வதைப் பற்றிச் சொல்ல வேண்டும். எப்போதும் இடது பக்கத்திலிருந்து தொடங்கு: இடது காலுக்கு, பிறகு வலது காலுக்கு, இடது கைக்கு, பிறகு வலது கைக்கு. சாதாரண கிமோனோ கட்டும்போது கூட நமக்கு ஒரு வரிசை உண்டு. ஆனால் அட்டையைப் பார்த்தால் எல்லாம் மறந்துவிடும். எங்கள் சங்கத்தில் ஒரு புதியவர் இரண்டு இடது கால் கவசங்கள் செய்துவிட்டு, வலது கால் எங்கே என்று அரை மணி நேரம் தேடினார். இன்னொன்று, கவசத்தை யாராலும் தனியாகக் கட்டிக்கொள்ள முடியாது. மார்புக் கவசத்தின் முடிச்சு வலது அக்குளுக்குக் கீழே வரும், தோள் முடிச்சு முதுகில் வரும், அங்கே உன் கை எட்டாது, இன்னொருத்தி வேண்டும். மே மாதம் ஊர்வலத்தன்று காலையில் நான் மடோக்காவுக்குக் கட்டினேன், அவள் எனக்குக் கட்டினாள். "அக்கா, நீங்க கட்டினா மட்டும் மூச்சு முட்டலைக்கா" என்றாள். வானம் மலைப்பக்கம் கறுத்துக்கொண்டிருந்தது. இடுப்பைச் சுற்றித் தொங்கும் அந்த ஏழு மடல்களையும் ஒவ்வொன்றாக நான்தான் இழுத்துக் கட்டினேன். முடிச்சில் ஒரு குறையும் இல்லை, அதை நீ நம்பலாம்.

கோவிலிலிருந்து கிளம்பிக் கடைத்தெரு வழியாகக் கோட்டை வாசல் வரை ஊர்வலம். மடோக்கா முன்னால், தங்கப் பிறை வைத்த தலைக்கவசத்தோடு. அவளுக்கு மூன்றடி பின்னால் நான், கொடியோடு. கடைத்தெரு முழுக்க அவள் முதுகையே பார்த்துக்கொண்டு நடந்தேன். ஊறுகாய்க் கடை வந்தபோது தூறல் தொடங்கியது. யாரோ குடை கேட்டார்கள். "போர்வீரன் குடை பிடிக்க மாட்டான்! நிறுத்தம் கிடையாது! நடங்க!" என்றார் ஒகுமுரா ஐயா. அப்போதுதான் கவனித்தேன், மடோக்காவின் இடுப்பு மடல்கள் பாலில் போட்ட ரொட்டி போல ஓரத்திலிருந்து உப்பிக்கொண்டு வந்தன. முடிச்சு அப்படியே இருந்தது. அட்டைதான் கிழிந்து விழுந்தது. முதல் மடல் ஊறுகாய்க் கடை வாசலில் விழுந்தது, பின்னால் வந்த நான் எடுத்துக்கொண்டேன். இரண்டாவது தேநீர்க் கடையில். மூன்றும் நான்கும் சேர்ந்து வங்கி வாசலில். அவளுக்குத் தெரியவே இல்லை, தலைக்கவசத்தோடு திரும்பிப் பார்க்க முடியாதல்லவா. கோட்டை வாசலுக்குப் போகும்போது ஒரு கையில் கொடியும் மறு கையில் ஆறு மடல்களுமாக நான் சலவைக்குத் துணி எடுத்துப் போகிறவள் போல நடந்தேன். மேயர் எழுந்து நின்றார். மடோக்கா படைக்குச் சைகை காட்டும் சேனாதிபதி விசிறியைத் தூக்கி "ஏய்! ஏய்! ஓ!" என்று வெற்றிக் குரல் கொடுத்தாள். ஏழாவது மடலும் விழுந்தது.

உள்ளே அவள் போட்டிருந்தது பல் மருத்துவமனைக் கால்சட்டை. குழந்தைகளுக்குப் பயம் போவதற்காகச் சிரிக்கும் பற்கள் அச்சிட்டது. முன்னூறு பேர் பார்த்தார்கள்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த ஒரு நொடி எனக்கு உள்ளே ஏதோ குளிர்ந்தது. சரி, இனி இவள் ஓடிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் குனிந்து பார்த்தாள். தொடையைத் தட்டிக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தாள். பிறகு, "எதிரியைக் கடிச்சே தின்னுடுவோம்!" என்று கத்திவிட்டு மறுபடி "ஏய்! ஏய்!" என்றாள். முன்னூறு பேரும் மேயரும் சேர்ந்து "ஓ!" என்றார்கள். மறுநாள் செய்தித்தாளின் வட்டாரப் பக்கத்தில் அவள் படம். நானும் அதில் இருக்கிறேன். தெரிவது பொறுக்கிய ஏழு மடல்களும் ஒரு முழங்கையும். முழங்கை என்னுடையதுதான் என்று அம்மாவுக்கு இரண்டு தடவை விளக்க வேண்டியிருந்தது. ஒருத்தி ஊர் முன்னால் துண்டு துண்டாக உதிர்ந்து போயும் ஜெயிக்கிறாள் என்றால், முழுசாக நின்றவள் என்னதான் செய்வது, சொல்.

அடுத்த நாள் மடோக்கா இனிப்புப் பயறு வைத்த மோச்சிக் கொழுக்கட்டையோடு வீட்டுக்கு வந்தாள். "அக்கா, எங்கக்கா தப்பு பண்ணேன்?"

"மழைதான்" என்றேன்.

"உங்களோடது அப்படியே இருந்துச்சேக்கா."

"வெங்காயத்தாள் அட்டை. அது தண்ணி குடிக்காது."

தலையாட்டினாள், நம்பினாள். அந்த நோட்டுப் புத்தகத்தை மேசைமேல் வைத்து, "முதல்லேர்ந்து புதுசாச் செய்யப்போறேன். நீங்க சொன்னதுல எதை விட்டேன்னு ஒருதடவை பாத்துத் தாங்கக்கா. நீங்க இல்லேன்னா நான் இதுல ஒண்ணுமே பண்ணியிருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். பத்து நாளாக அது இங்கேயே கிடக்கிறது, நான் அதன்மேல் தேநீர்க் கோப்பையை வைப்பதில்லை, அவ்வளவுதான்.

ஆகவே கனாயே, என் அறிவுரையின் சாரம் இதுதான்: பெட்டி கிடைக்கும் இடத்தை யாரிடமும் சொல்லாதே, பேட்டர்ன் தாளை யாருக்கும் கொடுக்காதே, யாருடைய முடிச்சையும் கட்டாதே. நான் ஒருத்திக்கு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லிக்கொடுத்தேன், கிடைத்தது முழங்கை. சங்கத்திலிருந்து விலகுவதாக ஒகுமுரா ஐயாவுக்கும் ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். கவசம் செய்வதற்குத் தேவையானதெல்லாம் மேலே எழுதிவிட்டேன். நான் எதையும் மறைக்கவில்லை.

மாப்பிள்ளையின் இருமலுக்கு முள்ளங்கியைத் தேனில் ஊறவைத்துக் கொடு. மழையில் நனையாதே. உன் கைகளும் வீடும் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா யுகாரி

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் கடிதத்தை ஒருமுறை படித்துப் பார்த்தேன். அட்டை, வரி, அளவு, முடிச்சு எல்லாம் இருக்கிறது. ஒன்று மட்டும் இல்லை. மறதி என்று எழுதலாமா என்று யோசித்தேன். அப்புறம் அந்த நோட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். கடைசிப் பக்கத்தில் அழகான கையெழுத்தில் இருக்கிறது: 'வார்னிஷ், வெளிப்பக்கம் மட்டும் அடித்தால் போதுமாம், யுகாரி அக்கா சொன்னது.' அவள் கேட்டாள், கனாயே. சேனாதிபதி என்று அறிவித்த மறுநாள் கேட்டாள். நான்தான் அப்படிச் சொன்னேன். ஊர்வலத்தன்று காலையில் ஏழு மடல்களையும் கட்டியபோது வெட்டிய ஓரமெல்லாம் வார்னிஷ் படாத வெற்று அட்டையாகத் தெரிந்தது. மலைப்பக்கம் வானமும் தெரிந்தது. உன் படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது உன் தோள் கவசத்தின் ஓரத்தையும் பார்த்தேன், அதுவும் வெற்று அட்டையாகத்தான் இருக்கிறது. பார்த்த பிறகும் மேலே இவ்வளவு பக்கம் எழுதியிருக்கிறேன்.

வெட்டிய ஓரங்களுக்கு மூன்று தடவை வார்னிஷ் அடி. துளைகளுக்குள்ளும் அடி. கயிறு கோப்பதற்கு முன்பே அடி, ஒவ்வொரு தடவையும் நன்றாகக் காயவிடு. பேட்டர்ன் தாளை இதோடு வைத்திருக்கிறேன். ஒகுமுரா ஐயாவுக்கு எழுதியதைக் கிழித்துவிட்டேன். தபால் பெட்டி மடோக்கா வீட்டைத் தாண்டித்தான் இருக்கிறது. நோட்டுப் புத்தகம், வார்னிஷ் டப்பா எல்லாம் பையில் இருக்கின்றன. அவள் வீட்டில் இல்லாமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது. ஆனால் பிரஷ் இரண்டு எடுத்து வைத்திருக்கிறேன்.