மாதா அனுப்பிய குருவி

பங்கர் வெட்டுவதில்லை என்று யாகப்பர் முடிவெடுத்த அன்று காலையில்தான் அந்தக் குருவியும் வந்து சேர்ந்தது.

முடிவு லேசுப்பட்ட முடிவல்ல. குருநகரில் பாதி வீடுகளில் குழி வெட்டி, பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை ஏற்றிவிட்டார்கள். சண்டை ஹெலிகொப்டரின் சத்தம் கேட்டால் சனம் மண்ணுக்குள் போய்விடும். யாகப்பர் குடும்பம் இன்னும் கட்டிலுக்கு அடியில். கட்டில் சின்னது, பிள்ளைகள் நாலு. மனைவி யோசப்பின் பங்கருக்குப் பார்த்துவைத்த இடமோ பூவரசமரத்தடி. அங்கேதான் யாகப்பரின் சாய்மனைக் கதிரை கிடந்தது. கடலுக்குப் போகத் தடை வந்த நாள்முதல் அந்த மனிதருக்கு வள்ளமும் அதுதான், கடலும் அதுதான். உயிர் போனாலும் அந்த இடத்தை விடமாட்டார். உயிர் போய்விடுமோ என்பதுதான் யோசப்பினின் கவலை.

"இஞ்சாருங்கோ, மண்வெட்டி இரவல் வாங்கி வைச்சிருக்கிறன்."

"வை, வை. மண்வெட்டி எங்கையும் ஓடாது."

"ஹெலி ஓடிவருமெல்லோ?"

பதில் தேடி யாகப்பர் மரத்தை அண்ணாந்து பார்த்தார். கொப்பில் ஒரு குருவி. கைக்குள் அடங்குகிற உருப்படி. முதுகு நல்ல நீலம், வயிறு பால்வெள்ளை. வன்னிக் காட்டுக்குள் இருக்கவேண்டியது வழிதவறிக் கடற்கரைக்கு வந்து, பூச்சி பிடித்துத் தின்பதும் விசிலடிப்பதுமாக இருந்தது. நீலமும் வெள்ளையும். மாதமோ ஒக்டோபர், செபமாலை மாதம். யாகப்பரின் மூளை பிறந்ததிலிருந்து முதல்தடவையாக வேகம் பிடித்தது.

"யோசப்பின்! முழங்காலிலை நில்லடி! உது சும்மா குருவியில்லை, மாதா அனுப்பின குருவி. நிறத்தைப் பார். மேலை நீலம், உள்ளை வெள்ளை. மாதாவின்ரை உடுப்பு!"

அவள் பார்த்தாள். குருவியைக் கொஞ்சம், புருசனைக் கூடக் கொஞ்சம்.

"அதுக்கு?"

"மாதாவின்ரை குருவி இருக்கிற மரத்தடியிலை பங்கர் வெட்டிறதோ? பாவமெல்லோ!"

யோசப்பின் மண்வெட்டியை ஒருதரம் பார்த்தாள். பிறகு சீலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு சிலுவை அடையாளம் போட்டாள்.

"ஓமப்பா, நீங்கள் சொல்லுறது சரி. பங்கர் வேண்டாம்."

யாகப்பர் வென்றுவிட்டார்! கலியாணம் கட்டிய நாள்முதல் அவர் வென்ற வாதம் இது ஒன்றுதான். அந்தக் களைப்பில் கதிரையில் சாய்ந்து கண்ணயர்ந்தார்.

விழித்தபோது வளவு நிறையச் சனம். பக்கத்து வீட்டு லூர்த்தம்மா செபமாலையோடு முன்னுக்கு நின்றாள்.

"யாகப்பு அண்ணை, நீங்கள் குடுத்துவைச்ச மனுசன்! யோசப்பின் எல்லாம் சொன்னவ."

யாகப்பருக்குப் புல்லரித்தது. எழுந்து நின்று, கண்டதோடு காணாததையும் சேர்த்துச் சொன்னார். குருவி தன்னைப் பார்த்துத் தலையசைத்தது என்றார். இன்னொருதரம் சொல்லும்போது அது கண்ணீர் விட்டது. பிந்தி வந்தவர்களுக்குச் சொன்னபோது லத்தீனில் பாடியது.

"மாதாவுக்கு இதிலை ஒரு கெபி கட்டவேணும்," என்று யோசப்பின் மெதுவாகச் சொன்னாள். "கண்டவர்தான் கட்டவேணும். வேறை ஆள் கைவைக்கப்படாது."

அத்தனை பேர் முன்னால் எப்படி மறுப்பது? யாகப்பர் நெஞ்சில் கைவைத்து நேர்த்தி வைத்தார். குகைபோல் அடுக்க நாலு கல், உள்ளே வைக்க ஒரு மாதா சுருவம், அரைநாள் வேலை என்பது அவர் கணக்கு.

மறுநாள் மண்வெட்டி கைக்கு வந்தது.

"என்னத்துக்கடி தோண்டவேணும்? கெபி நிலத்துக்கு மேலையெல்லோ?"

"லூர்து எண்ட ஊரிலை மாதா காட்சி குடுக்கேக்கை, கண்ட பிள்ளையை மண்ணைத் தோண்டி ஊத்தெடுக்கச் சொன்னவ. தோண்டாமல் கெபியோ?"

கதிரை வேலியோரம் போனது. யாகப்பர் தோண்டினார். நெஞ்சளவில் தண்ணீர் ஊறியது. அற்புத ஊற்று என்று லூர்த்தம்மா போத்தலோடு ஓடிவந்து, ஒரு வாய் குடித்து, உப்புக்கரித்துத் துப்பிவிட்டுப் போனாள். அடியில் மண் போட்டு மூடினார்கள்.

"மேலை பனங்குற்றி ஏன்?"

"லூர்துக் கெபிக்கு மேலை மலையிருக்கு. எங்களிட்டை மலையோ கிடக்கு?"

"மண்மூட்டை?"

"மழைக்குச் சுருவம் நனையுமெல்லோ."

"வாசல் ஏனடி வளைஞ்சு போகுது?"

"நேரை வைச்சால் காத்தடிச்சு மெழுகுதிரி நூந்துபோம்."

எல்லாவற்றுக்கும் அவளிடம் நியாயம் இருந்தது. குனிந்து நிமிர அவரிடம்தான் நாரி இல்லை.

இடையில் மண்வெட்டிச் சத்தம் பிடிக்காமல் குருவி போய்விட்டது. யாகப்பருக்கு உயிர் வந்தது.

"குருவி பறந்திட்டுது! இனி விடுவம்."

"நீங்கள் நேர்த்தி வைச்சது குருவிக்கோ, மாதாவுக்கோ?"

மறுபடி குழிக்குள் இறங்கினார். பின்னேரக் கள்ளும் நின்றுபோனது. கெபி கட்டுகிறவர் கள்ளுக் குடிக்கக்கூடாது என்பது லூர்த்தம்மா போட்ட சட்டம்.

வேலை முடிந்த அன்று யாகப்பர் குளித்து, வெள்ளை வேட்டி கட்டிப் பெருமையோடு உள்ளே எட்டிப் பார்த்தார். சுருவத்துக்கு மூலையில் சின்னதாக ஒரு மாடம். மிச்சமெல்லாம் வெறும் இடம். ஏழெட்டுப் பேர் இருக்கக்கூடிய ஒரு நீள வாங்கு, ஒரு குடம் தண்ணீர், ஒரு பிஸ்கற் ரின். மாதாவுக்கு எதற்குப் பிஸ்கற் என்று அவர் யோசிக்கத் தொடங்கவும் ஹெலி இரையவும் சரியாக இருந்தது.

பிள்ளைகள், யோசப்பின், லூர்த்தம்மா, லூர்த்தம்மாவின் கோழி, கடைசியாக வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு யாகப்பர். எல்லோரும் உள்ளே. மேலே ஹெலி சுட்ட சன்னம் சடசடவென்று விழுந்தது. பனங்குற்றி அசையவில்லை. யோசப்பின் நாலு பிள்ளைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதாள். யாகப்பர் கிட்ட நகர்ந்தார். பிள்ளைகளின் தலையை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

ஹெலி போனபிறகுதான் யாகப்பருக்கு உறைத்தது.

"எடியே, உது பங்கரெல்லோ!"

"இப்பத்தான் விளங்குதோ?"

"எப்ப நினைச்சனீ?"

"குருவியைக் காட்டி முழங்காலிலை நில்லடி எண்டியளே, அப்ப."

வாங்கின் மற்றக் கரையில் லூர்த்தம்மா செருமினாள்.

"யாகப்பு அண்ணை, எங்கடை முருங்கையிலையும் நேற்று ஒரு நீலக் குருவி கண்டனான்..."

அவர் வாயெடுக்கமுன் யோசப்பின் முந்திக்கொண்டாள்.

"அதுக்கென்ன அக்கா, விடிய மண்வெட்டியோடை வருவார்."