அப்பா பெயரில் ஒரு டாட் காம்

இணையதளத்துக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் ஒன்றைத்தான் சொல்வேன். வளர்க்கிற நாயின் பெயரை வையுங்கள், ஆகாத பக்கத்து வீட்டுக்காரன் பெயரைக்கூட வையுங்கள். பெற்ற தகப்பன் பெயரை மட்டும் வைக்காதீர்கள்.

எங்கள் அப்பா தாணுலிங்கம் மார்த்தாண்டத்தில் நேந்திரங்காய் சிப்ஸ் கடை வைத்திருந்தார். இரண்டாயிரத்து ஆறு வாக்கில், கம்ப்யூட்டர் படித்துவிட்டு வீட்டில் தண்டச்சோறு தின்றுகொண்டிருந்த நான், வளைகுடாவில் இருக்கிற நம்மூர்க்காரர்களுக்குச் சிப்ஸ் அனுப்ப ஒரு இணையதளம் தொடங்கினேன். பிரவுசிங் சென்டரில் தேடியபோது 'நாஞ்சில் சிப்ஸ்' என்ற பெயர் யாரும் தொடாமல் கிடந்தது. சின்னப் பெயர், விற்கிற சாமானும் அதிலேயே இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு எழுந்து வந்திருந்தால் நான் மனிதன். எனக்கோ பாசம் பொங்கிவிட்டது. (பாசம் பொங்குகிற நேரத்தில் எந்தப் பட்டனையும் அமுக்கக் கூடாது, கேட்டியளா.) 'தாணுலிங்கம் டாட் காம்' என்று பதிவு செய்தேன்.

அப்பா திரையைப் பார்த்தார். "இதுல சிப்ஸு எங்கலே?" என்று மட்டும் கேட்டார்.

கேட்டது நியாயம்தான். முதலில் வந்த மெயில்களில் பாதி, தாணுலிங்கம் என்றதும் சிவன் கோயில் என்று நினைத்து, கும்பாபிஷேகம் எப்போது, அர்ச்சனைக்கு எப்படிப் பணம் கட்டுவது என்று விசாரித்தன. இது கோயில் இல்லை, சிப்ஸ் கடை என்று ஒவ்வொருவருக்கும் பணிவாகப் பதில் எழுதினேன். பாவம், சிலர் வாங்கவும் செய்தார்கள். அப்படி ஆள் ஆளாகப் பிடித்து, சில வருடங்களில் கடையைவிட அதில் கூடுதலாக விற்றது. என் பிழைப்பே அந்தப் பெயரை நம்பித்தான் என்று ஆனது.

அப்பா போன பிறகு பாகம் பிரிக்க உட்கார்ந்தோம். கடை அண்ணனுக்கு என்றார்கள், சரி என்றேன். எனக்கு இணையதளம் போதும் என்றேன். நடுவராக இருந்த தாய்மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அதுக்கு சர்வே நம்பர் உண்டா?"

"கிடையாது மாமா."

"கையில எடுத்துக் காட்ட முடியுமா?"

"முடியாது."

"பின்ன என்ன சொத்துலே அது?"

அண்ணன் (அந்த இணையதளத்தை ஒரு தடவைகூடத் திறந்து பார்க்காதவன்) தொண்டையைச் செருமினான். "அது அப்பா பேரு மாமா. கொள்ளி வச்சது நானாக்கும்."

மாமா கண்ணை மூடி யோசித்தார். "அப்பன் பேரு மூத்தவனுக்கு. அதுதான் முறை. பேருக்குப் பின்னால என்னமோ சொன்னியே மக்கா, டாட்டோ காமோ, அத நீ எடுத்துக்கோ."

சொந்தபந்தம் முழுக்க, நல்ல தீர்ப்பு என்று தலையாட்டியது. அப்பா பெயருக்காக அண்ணனோடு சண்டை போட்டான் என்ற பேச்சு வேண்டாம் என்று பாஸ்வேர்டைச் சொல்லிக் கொடுத்தேன். (கோழைத்தனத்துக்கு நான் வைத்திருந்த பெயர் பெருந்தன்மை.) 'நாஞ்சில் சிப்ஸ்' இன்னும் கிடக்கிறதா என்று ஓடிப்போய்ப் பார்த்தேன். எவனோ எப்போதோ எடுத்து, அமோகமாக விற்றுக்கொண்டிருந்தான்.

வருடா வருடம் பணம் கட்டிப் பெயரைப் புதுப்பிக்க வேண்டும் என்று அண்ணனிடம் படித்துப் படித்துச் சொன்னேன். "நம்ம அப்பா பேருக்கு நாம எதுக்குலே காசு கெட்டணும்?" என்று விட்டுவிட்டான். பெயர் கைமாறியது. இப்போது அப்பா பெயரைத் தட்டினால் சீட்டாட்டம் வருகிறது. அரைகுறை ஆடையில் ஒரு வெள்ளைக்காரி, ஒரு கை போடலாம் வா என்று கூப்பிடுகிறாள்.

அண்ணன் மகள் கல்யாணப் பந்தியில் யாரோ இதைப் போனில் காட்டிவிட்டார்கள். மாமா பப்படத்தை நொறுக்கிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"பேருல ஒரு குத்தமும் இல்ல. கெட்டுப்போனது பின்னால உள்ள டாட் காமாக்கும். அது இவன் பங்குல்லா?"

பந்தியே சிரித்தது. அண்ணன்தான் கூடுதலாகச் சிரித்தான். நான் நாகர்கோவிலில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். இன்றைக்கும் எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும் யாராவது ஒருவர் தோளில் கைபோட்டுச் சொல்கிறார், "ஒன் பங்க கொஞ்சம் ஒழுங்கா பாத்துக்கோ மக்கா, அப்பா பேரு கெடுதுல்லா."