ஒரே வாளியில் ஓர் ஆறு

சாப்பாட்டில் உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டால், பக்கத்துத் தட்டுக்காரரின் முகத்தையும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறவர்களை நீங்கள் பல வருடங்களாகக் கவனித்திருப்பீர்கள். இத்தனை நாள் அவர்களுக்கு ஒரு பெயர் வைக்காமல் விட்டது நம் தவறு. சராசரிக்காரர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

இந்த இனம் எல்லா இடத்திலும் உண்டு. ஆனால் கலப்படமில்லாத வகையைப் பார்க்க வேண்டுமானால் ஆற்றுத் தண்ணீரைச் சோதிக்கிற ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும். ஏன் என்று கேட்கிறீர்களா? ஆறு நீளமானது. மலையில் ஒரு மாதிரியும் ஊருக்குக் கீழே இன்னொரு மாதிரியும் இருக்கும். இப்படி ஒன்று இன்னொன்றோடு ஒத்துப்போகாமல் நிற்பதைப் பார்த்தால் சராசரிக்காரருக்குத் தூக்கம் வராது.

நாம் பார்க்கப் போகிற ஆய்வகம் ஒரு மாடிக் கட்டடத்தின் பின்பக்கம் இருந்தது. சுவரோரம் கழுவிக் கவிழ்த்த பாட்டில்கள், ஒரு பழைய குளிர்ப்பெட்டி, சொட்டுவதை நிறுத்தாத குழாய். அங்கே தலைமை அதிகாரியாக இருந்தவரைத்தான் சொல்கிறேன். கோபப்படமாட்டார், லஞ்சம் வாங்கமாட்டார், யாரையும் மரியாதையில்லாமல் பேசமாட்டார். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும் என்று அவருக்குக் கீழே வேலைக்குச் சேர்ந்த பெண் பின்னாளில் நினைத்துக்கொண்டதுண்டு.

அந்தப் பெண் தன் வீட்டில் முதல் பட்டதாரி. அதனால் அவளுக்குச் சந்தேகப்படத் தெரிந்திருந்தது. சந்தேகத்தை அடுத்தவர் காதில் விழுகிற மாதிரி சொல்லத் தெரியவில்லை. நமக்குப் புரியாதது ஏதோ இதில் இருக்கும் என்று அடிக்கடி தன்னையே சமாதானப்படுத்திக்கொள்வாள்.

அவளுடைய அக்கா ஆற்றின் கீழ்ப்பக்கம், சாய ஆலைக் கழிவு வந்து சேருகிற இடத்துக்குக் கீழே, கீழ்த்தெரு என்கிற தெருவில் குடியிருந்தாள். அந்தத் தெருக் குழாய்க்கு ஆற்றுத் தண்ணீர்தான். குழந்தைகளுக்கு உடம்பெல்லாம் தடிப்பு வந்து, தெருவே திரண்டு போய் முறையிட்டதில், நகராட்சி தினமும் ஒரு லாரித் தண்ணீர் அனுப்ப ஆரம்பித்திருந்தது. ஆற்றுத் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று ஆய்வகம் சொல்லிவிட்டால் லாரி நின்றுவிடும். அவ்வளவுதான் விஷயம்.

மலையடிவாரம், அணைக்கட்டு, பாலம் என்று ஒவ்வோர் இடமாக இறங்கி, ஆற்றுத் தண்ணீரிலேயே பாட்டிலை அலசி, நிரப்பி, மூடி, கடைசியில் கீழ்த்தெருப் படித்துறையிலும் ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டு, ஜீப்பில் குலுங்கியபடி திரும்பி வந்தாள் அவள். பாட்டில்களை மேஜையில் வரிசையாக வைத்தாள். ஒன்று மட்டும் தனியாகத் தெரிந்தது.

"சார், கீழ்த்தெரு பாட்டில் செக்கச்செவேல்னு இருக்கு."

"தனியா வச்சுப் பார்த்தா அப்படித்தாம்மா தெரியும். வாளியில ஊத்து."

வாளி அவருடைய கண்டுபிடிப்பு. எல்லா இடத்துத் தண்ணீரையும் ஒன்றாக ஊற்றி ஒரே சோதனையாக முடித்துவிடுவார். ரசாயனம் மிச்சம், நேரம் மிச்சம், மனவருத்தம் மிச்சம். அவள் ஊற்றினாள்.

"இப்ப?"

"ரோஸ் கலரா இருக்கு சார்."

"மலையடிவாரத் தண்ணி இன்னொரு கேன் இருக்கும் பாரு."

இருந்தது. அதையும் ஊற்றினாள்.

"இப்ப சொல்லு."

"தெளிவாத்தான் இருக்கு சார்."

"பாத்தியா? வீணா பயந்துட்ட."

"ஆனா சார், மலையடிவாரத்துத் தண்ணிய கீழ்த்தெருவுல யாரும் குடிக்கறதில்லையே..."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இவ்வளவு நல்ல தண்ணிய கணக்குல சேர்க்காம விட்டா அது அந்த மலைக்குச் செய்யற துரோகம் இல்லையாம்மா?"

மலைக்குத் துரோகம் செய்ய அவளுக்கு மனம் வரவில்லை.

ஜீப் ஓட்டுகிறவர் அன்று சாயங்காலம் அவளைத் தேற்றினார். "நீ வேற ஏம்மா. அவர் வீட்ல பெரிய பையனுக்குக் காய்ச்சல் கொதிக்குது. டாக்டர்கிட்ட போலாம்னு அவர் சம்சாரம் கூப்பிட்டா, 'வீட்ல அஞ்சு பேர் இருக்கோம், நாலு பேருக்கு உடம்பு சில்லுனு இருக்கு, சேத்துப் பாத்தா ஒண்ணுமில்லை'ன்னாராம்."

"அப்புறம்?"

"அந்தம்மா ஒரு மாத்திரைய அஞ்சா உடைச்சு ஆளுக்கொரு துண்டு குடுத்துட்டாங்க. இவரு தன் பங்கை வாங்கி மறுபேச்சு பேசாம முழுங்கினாராம்."

சிரித்தாள். சிரித்துக்கொண்டே மறுநாள், 'ஆற்று நீரின் தரம் மொத்தத்தில் திருப்திகரம்' என்று முடிந்த அறிக்கையில், சரிபார்த்தவர் என்ற இடத்தில் கையெழுத்தும் போட்டாள். ஏன் போட்டாள்? அவர் நீட்டினார், பேனா கையில் இருந்தது, இவ்வளவு படித்தவர் தப்பாகச் சொல்வாரா என்ற பழைய எண்ணம் தலையில் இருந்தது. நீங்களும் நானும் இதைவிடப் பெரிய காரணம் வைத்துக்கொண்டா கையெழுத்துப் போட்டிருக்கிறோம்?

அந்த வாரமே லாரி நின்றது. அக்கா போன் செய்தாள்.

"ஏண்டி, குழாய்த் தண்ணிய பிள்ளைங்களுக்குக் குடுக்கலாமா?"

"மொத்தத்துல பரவாயில்லக்கா."

"மொத்தத்தை யாருடி கேட்டா? நான் எங்க குழாயைக் கேட்டேன்."

அக்கா வைத்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்துக் கீழ்த்தெருப் பெண்கள் அக்காவோடு ஆய்வகத்துக்கே வந்துவிட்டார்கள். சராசரிக்காரர் எழுந்து நின்று எல்லாருக்கும் நாற்காலி போடச் சொன்னார். நாற்காலி போதவில்லை. பாதிப் பேர் உட்கார்ந்தால் மொத்தத்தில் எல்லாரும் கொஞ்சம் உட்கார்ந்த மாதிரிதான் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். முகத்தில் அப்படியொரு நிம்மதி. பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "உங்க தண்ணிய மட்டும் தனியா எடுத்து, தனியா பார்த்து, நானே வந்து சொல்றேன். இது என் வாக்கு" என்றார். மனதாரத்தான் சொன்னார்.

அந்த வாக்கு நிறைவேறுவதற்குள், அடுத்த மாதம் அவருக்குப் பதவி உயர்வு வந்தது. நாட்டிலுள்ள எல்லா ஆறுகளுக்கும் சேர்த்து ஒரே எண் கண்டுபிடிக்கிற வேலையாம். சந்தோஷமாகப் போய்ச் சேர்ந்தார்.

இதைப் படிக்கிற நீங்கள், "எங்க ஆபீஸ்லயும் இப்படி ஒருத்தர் இருக்கார்" என்று யாரிடமாவது காட்டத்தான் போகிறீர்கள். காட்டுங்கள். ஆனால் அதைப் படிக்கிறவர் சிரிப்பதற்கு முன் உங்களை ஒரு பார்வை பார்க்கிறாரா என்று கவனித்துக்கொள்ளுங்கள். தன் குழந்தையைப் பற்றி ஒருவர் கேட்டபோது, ஊர்க் குழந்தைகள் எல்லாரும் நலம் என்று நீங்கள் எப்போதாவது சொல்லியிருக்கக்கூடும்.

அவருடைய நாற்காலியில் இப்போது அந்தப் பெண்தான் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு பாட்டிலைக் கழுவி, 'கீழ்த்தெரு, தனி' என்று சீட்டு ஒட்டிக் காயவைத்திருக்கிறாள். அதில் என்ன வரும் என்பது அவளுக்குத் தெரியும். வந்தால், தன் பழைய கையெழுத்து தப்பு என்று இன்னொரு கையெழுத்துப் போட வேண்டியிருக்கும் என்பதும் தெரியும். ஜீப் ஓட்டுகிறவர் காலையில் வந்து, "கீழ்த்தெருவுக்கு வண்டிய எடுக்கட்டுமாம்மா?" என்று கேட்டார்.

"இந்த மழை விடட்டும்" என்றாள்.

பாட்டில் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.